அப்புச்சி காருக்கு அஞ்சு டயர்: ஒரு எண் காணாமல் போன கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் வேற ஒரு தலைப்பு பேசறதா சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். ஏன்னா ரெண்டு மாசமா என் தலைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கறது டயர் மட்டும்தான். வீட்ல எல்லாரும் வெறுத்துட்டாங்க, அதனால உங்ககிட்ட சொல்றேன்.

பொள்ளாச்சியில என் அப்புச்சி வீட்டு ஷெட்ல ஒரு அம்பாசடர் நிக்குது. மார்க் 4, 1984 மாடல், வெள்ளைக் கலர். அப்புச்சி போனதுக்கு அப்புறம் அதை யாரும் ஓட்டல. போன தைப்பூசத்தப்போ அம்மிச்சி ஒரு வார்த்தை சொன்னாங்க: “பழனிக்கு ஒருக்கா அந்தக் கார்லயே போயிட்டு வந்துரணும் அம்மணி.” அவங்களுக்கு 81 வயசு. அவங்க இதுவரைக்கும் என்கிட்ட எதுவும் கேட்டதில்ல. சரின்னுட்டேன்.

இன்ஜின் வேலையை மாமா பாத்துக்கிட்டார். பிரேக், கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் முடிஞ்சது. டயர் மட்டும் என் பொறுப்பு. மாமா சொன்னார், “டயருக்கு என்ன, பட்டன் பூரா அப்படியே நிக்குதே, காத்தடிச்சா போதும்.” பாக்கறதுக்கு உண்மைதான். நாலு டயரும் புதுசு மாதிரி இருந்தது. பள்ளத்துக்குள்ள ஒத்த ரூபாய் காசை நிறுத்தலாம், அவ்வளவு ஆழம்.

ஆனா டயரோட பக்கவாட்டுல, ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். 2000-க்கு அப்புறம் வந்த டயர்ல முதல் ரெண்டு இலக்கம் வாரம், அடுத்த ரெண்டு வருஷம். எங்க டயர்ல 1706ன்னு இருந்தது. 2006-ல 17-வது வாரம். அதாவது நான் ஸ்கூல்ல இருந்தப்போ செஞ்ச ரப்பர்.

ரப்பர் ஓடினாத்தான் தேயும், ஓடாட்டியும் வயசாகும். காத்துல இருக்கற ஆக்சிஜனும் வெயிலும் அதை உள்ளுக்குள்ளயே கெட்டியாக்கிட்டே இருக்கும். மேல பட்டன் நல்லா இருக்கும், உள்ள அடுக்குக்கும் அடுக்குக்கும் இருக்கற பிடிப்பு போயிருக்கும். பெரிய டயர் கம்பெனிகள் 5 வருஷத்துக்கு அப்புறம் வருஷா வருஷம் சோதிக்கச் சொல்றாங்க, எவ்வளவு நல்லா இருந்தாலும் 10 வருஷத்துல மாத்தச் சொல்றாங்க. அதனால முதல் முடிவு சுலபம். அஞ்சும் மாத்தணும். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் அஞ்சு.

(ஸ்டெப்னின்னு நாம சொல்றோமே, அது ஒரு தெருப் பேரு. வேல்ஸ்ல லானெத்லின்னு ஒரு ஊர். அங்க ஸ்டெப்னி ஸ்ட்ரீட்ல கடை வச்சிருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல ஒரு உபரிச் சக்கரம் கண்டுபிடிச்சாங்க. அந்தக் காலத்துல கார்ல உபரிச் சக்கரமே கிடையாது, பஞ்சரானா ரோட்டோரத்துல உக்காந்து ஒட்டணும். இவங்க காத்தடிச்ச டயரோட ஒரு வெறும் ரிம்மை பஞ்சரான சக்கரத்து மேலயே கவ்வ வச்சாங்க. இங்கிலாந்துக்காரங்க அந்தப் பேரை எப்பவோ மறந்துட்டாங்க. நம்ம ஊர் பஞ்சர் கடையில அது இன்னும் உயிரோட இருக்கு.)

சரி, என்ன டயர் போடறது? எங்க டயர்ல எழுதியிருந்த அளவு 5.90-15. கோயம்புத்தூர்ல முதல்ல போன கடையில பையன் சிரிச்சான். “மேடம், இது மியூசியம் சைஸ். 14 இன்ச் அலாய் போட்டு 185/70 ஆர் 14 மாட்டிடலாம், வண்டி ஜம்முன்னு இருக்கும்.” அடுத்த கடையில வேற யோசனை. “15 இன்ச் தானே? பொலீரோ டயரும் 15 தான். 215/75 போட்டா ரோடு கிரிப் அள்ளும்.” ரெண்டு பேரும் நல்ல மனசோடதான் சொன்னாங்க. ரெண்டு பேரும் சொன்னது ஒண்ணுக்கொண்ணு நேர் எதிரா இருந்தது. அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிக்க ஆரம்பிச்சவதான், நிறுத்தவே இல்ல.

காத்தடைச்ச டயருக்கு முதல்ல காப்புரிமை வாங்கினவர் ராபர்ட் வில்லியம் தாம்சன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், 1845-ல. அப்போ கார் கிடையாது, சைக்கிள்கூட ஒழுங்கா கிடையாது, குதிரை வண்டிக்குத்தான் செஞ்சார். யாரும் கண்டுக்கல. 1888-ல பெல்ஃபாஸ்ட்ல ஜான் பாய்ட் டன்லப்னு ஒரு கால்நடை மருத்துவர், தன் பையனோட மூணு சக்கர சைக்கிள் குலுங்காம இருக்கணும்னு அதையே மறுபடி கண்டுபிடிச்சார். தாம்சனோட பழைய பேப்பர் வெளிய வந்ததும் டன்லப்போட காப்புரிமை செல்லாமப் போச்சு. பேரு மட்டும் நின்னுடுச்சு. அம்பத்தூர் பக்கம் போறவங்களுக்குத் தெரியும், அங்க டன்லப்னு ஒரு பஸ் ஸ்டாப்பே இருக்கு.

இதெல்லாம் நிறைய பேர் சொல்ற கதை. என்னைப் பிடிச்சு உக்கார வச்சது வேற: டயருக்கு அளவு எழுதற முறை.

ஃபோர்டு மாடல் டி கார் ஞாபகம் இருக்கா, 1908-ல வந்தது? அதோட பின் டயர் அளவு 30 x 3½. முன் டயர் 30 x 3. இதுல 30ங்கறது ரிம் இல்லைங்க. டயரோட முழு உயரம். ரோட்டைத் தொடற இடத்துல இருந்து மேல் உச்சி வரைக்கும் 30 இன்ச். 3½ங்கறது டயரோட தடிமன். ரிம் எவ்வளவுன்னு தெரியணும்னா நீங்களே கழிச்சுக்கணும்: மேல ஒரு 3½, கீழ ஒரு 3½, மொத்தம் 7 போனா 23. முன்னாடி 24. ரெண்டு ரிம்மும் வேற வேற, ஆனா முழு உயரம் ஒண்ணு. அந்தக் காலத்து ஆளுங்களுக்கு முக்கியமா பட்டது முழு உயரம்தான், அதனால அதை முதல்ல எழுதினாங்க.

1923-ல அமெரிக்காவுல ஃபயர்ஸ்டோன் கம்பெனி பலூன் டயர்னு ஒண்ணு கொண்டு வந்தது. அதுவரைக்கும் டயர் ஒல்லியா, 60 பிஎஸ்ஐக்குப் பக்கமா காத்தடிச்சு கட்டை மாதிரி இருக்கும். பலூன் டயர் பெருசு, காத்து கம்மி, சொகுசு அதிகம். இதோட அளவை எழுதும்போது முறை மாறிடுச்சு. 4.40-21. முதல்ல டயரோட தடிமன், அப்புறம் ரிம். இப்ப கூட்டிப் பாருங்க: 4.40-ஐ ரெண்டு தடவை, அதோட 21. 29.8 வருது. கிட்டத்தட்ட அதே 30 இன்ச்! கார் மாறல, உயரம் மாறல, ஆனா அந்த 30ங்கற எண் டயர்ல இருந்து காணாமப் போச்சு.

நூறு வருஷமா அது திரும்பி வரல. இன்னிக்கு உங்க கார்ல இருக்கற டயரைப் போய்ப் பாருங்க. ஜீப், லாரி மாதிரி சில வகைகளை விட்டுட்டா, முழு உயரம் எங்கயும் எழுதியிருக்காது. கடையில எல்லாரும் பேசறது ரிம் நம்பரைத்தான். “15 தானே, 15 தானே.” காருக்குத் தெரியற நம்பர் அது இல்ல.

எங்க 5.90-15-க்கு வருவோம். தடிமன் 5.90 இன்ச். அந்தக் காலத்து டயர்ல அகலமும் பக்கவாட்டு உயரமும் ஏறக்குறைய சமம், உயரம் ஒரு சுத்துக் கம்மி, 95 சதவீதம்னு வச்சுக்கலாம். கணக்குப் போட்டா முழு உயரம் சுமார் 667 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 477 சுத்து. அம்பாசடரோட ஸ்பீடோமீட்டருக்குத் தெரிஞ்சது இந்தச் சுத்து மட்டும்தான். அதுக்குக் கண் இல்ல, எத்தனை தடவை சுத்துச்சுன்னு எண்ணி வேகம் சொல்லுது.

இப்ப புது முறை. 185/70 ஆர் 14ன்னா, 185 மில்லிமீட்டர் அகலம். அந்த அகலத்துல 70 சதவீதம் பக்கவாட்டு உயரம், அதாவது 129.5. அதை ரெண்டால பெருக்கி, 14 இன்ச் ரிம்மை மில்லிமீட்டராக்கிக் கூட்டணும். 615 வருது. 667-க்கு 615. எட்டு சதவீதம் குட்டை. வண்டி இரண்டரை சென்டிமீட்டர் தரையோட இறங்கிடும், ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது நிஜ வேகம் 74-தான் இருக்கும், இன்ஜின் எப்பவும் கூடுதலா கத்திக்கிட்டு ஓடும். ஏற்கெனவே அந்த இன்ஜினுக்கு மூச்சு வாங்கும்.

ரெண்டாவது கடை சொன்ன 215/75 ஆர் 15? அதுக்கு 703 மி.மீ. அஞ்சரை சதவீதம் நெட்டை. இங்கதான் ஆபத்து. 80 காட்டும்போது வண்டி 84-ல போகும். குட்டை டயர் பொய் சொன்னா மெதுவாத்தான் போவோம், நெட்டை டயர் பொய் சொன்னா தெரியாம வேகமாப் போவோம். ஐக்கிய நாடுகள் சபையோட வாகன விதிகள்ல 39-வது விதியே இதுதான்: ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தை விடக் கம்மியா காட்டவே கூடாது. அதுபோக நெட்டை டயரை நிறுத்த பிரேக்குக்கு அதிக பலம் வேணும். எங்க வண்டியில நாலு பக்கமும் டிரம் பிரேக். ஸ்டீயரிங்க முழுசா உடைச்சா மட்கார்டுல உரசும். அதைவிடப் பெரிய விஷயம் ரிம்மோட அகலம், அதுக்கு அப்புறம் வரேன்.

ஒரு டயர் அளவுல மில்லிமீட்டரும் இன்ச்சும் ஏன் கலந்து கிடக்குதுன்னு நீங்க யோசிச்சிருக்கலாம். 165/80 ஆர் 15. அகலம் மி.மீ., ரிம் இன்ச். இதுக்குக் காரணம் பிரான்ஸ். மிஷ்லின் கம்பெனியில மரியூஸ் மின்யோல்னு ஒருத்தர் இருந்தார். அச்சுக்கூடத்துல வேலைக்குச் சேர்ந்து, பிறகு ஆராய்ச்சிப் பக்கம் போனவர். அதுவரைக்கும் டயருக்குள்ள நூல் அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமா சாய்வா போடுவாங்க, நார்க்கட்டில் பின்னற மாதிரி. வண்டி ஓடும்போது அந்த நூல்கள் ஒண்ணோட ஒண்ணு உரசிச் சூடாகும். மின்யோல் சோதனைக்காக ஒரு டயர் செஞ்சார். பக்கவாட்டு ரப்பரையே எடுத்துட்டு, ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்கு நேரா கம்பிகளை மட்டும் விட்டார். ஈக்கூண்டுன்னு அதுக்குக் கேலிப் பேரு. அது சூடாகவே இல்ல. 1946-ல காப்புரிமை, 1949-ல எக்ஸ்ங்கற பேர்ல விற்பனை. ரேடியல் டயர் பொறந்தது.

பிரெஞ்சுக்காரங்க மெட்ரிக் ஆளுங்க. அப்போ மிஷ்லின் கைக்குள்ள இருந்த சிட்ரோயன் கார்ல டயர் அளவு 165 x 400. ரெண்டுமே மி.மீ. ஆனா உலகம் பூரா ரிம் இன்ச்லதான் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. கடைசியில அகலம் பிரான்ஸ் பக்கம், ரிம் இங்கிலீஷ்காரன் பக்கம்னு சமரசம் ஆச்சு. மிஷ்லின் சும்மா இருக்கல. 1970கள்ல டிஆர்எக்ஸ்ங்கற பேர்ல மறுபடி மி.மீ. ரிம் கொண்டு வந்தாங்க, 390 மி.மீ. மாதிரி. பிஎம்டபிள்யூ, ஃபோர்டு மஸ்டாங், ஃபெராரி எல்லாம் மாட்டுச்சு. 390ன்னா 15.35 இன்ச். 15-ம் உக்காராது, 16-ம் உக்காராது. இன்னிக்கு அந்தக் கார் வச்சிருக்கறவங்க டயருக்கு அலையறாங்க.

உக்காராத டயரை உக்கார வைக்கப் போய் உயிர் போன கதையும் இருக்கு. அமெரிக்காவுல சின்ன லாரிகளுக்கு 16 இன்ச் ரிம்மும் உண்டு, 16.5 ரிம்மும் உண்டு. 16 டயரை 16.5 ரிம் மேல எப்படியோ ஏத்திட முடியும். ஆனா ஓரம் சரியா உக்காராது. உக்காரலயேன்னு மெக்கானிக் மேல மேல காத்தடிப்பான். ஓரத்துல இருக்கற கம்பி வளையம் அறுந்து டயர் வெடிக்கும். அரை இன்ச்தான்.

அமெரிக்காவுக்கு இன்னொரு முறையும் இருந்தது, எனக்குப் பிடிச்ச முறை. எஃப்78-15. இதுல அந்த எழுத்து அகலம் இல்ல, எவ்வளவு எடை தாங்கும்ங்கறது. எழுத்து ஏற ஏற எடை ஏறும். இது அமெரிக்கச் சமாச்சாரம்னு நினைக்காதீங்க, நம்ம மாருதி ஜிப்சியோட டயர் எஃப்78-15 தான். இப்போ அந்த எழுத்துக்குப் பதிலா, அளவுக்குப் பக்கத்துல ஒரு எண் வருது. 82ன்னா ஒரு டயர் 475 கிலோ, 87ன்னா 545 கிலோ. அதுக்கு அடுத்த எழுத்து வேகம். எஸ்ன்னா 180 கி.மீ., டின்னா 190. அம்பாசடருக்கு வேகத்தைப் பத்திக் கவலையில்ல.

எடையைப் பத்திக் கவலை உண்டு. பழனிக்குப் போறது ஆறு பேர். அம்மிச்சி, மாமா, அத்தை, எங்கம்மா, நான், அத்தை பையன். டிக்கியில சமையல் பாத்திரம்.

இதுல ஏன் இவ்வளவு பயந்தேன்னா, எக்ஸ்ப்ளோரர் கதையைப் படிச்சதால. 2000-ல அமெரிக்காவுல ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்ங்கற வண்டியில ஃபயர்ஸ்டோன் டயர் மேல் பட்டை பிரிஞ்சு, வண்டி உருண்டு, வரிசையா ஆளுங்க செத்தாங்க. ஆகஸ்ட்ல 65 லட்சம் டயரைத் திரும்ப அழைச்சாங்க. அமெரிக்க அரசு கணக்குப்படி 271 சாவு. யாரு தப்புன்னு ரெண்டு கம்பெனியும் சண்டை போட்டது. ஃபோர்டு சொன்னது டயர் தப்பு. ஃபயர்ஸ்டோன் சொன்னது வண்டியோட வடிவம் தப்பு, காத்து அழுத்தம் தப்பு. ஏன்னா வண்டி சுலபமா கவிழாம இருக்கவும் சொகுசுக்கும்னு ஃபோர்டு 26 பிஎஸ்ஐ போதும்னு எழுதி வச்சிருந்தது. காத்து குறைஞ்சா டயர் தாங்கற எடையும் குறையும், பக்கவாட்டு அதிகமா மடங்கும், சூடாகும். குடும்பம், பெட்டி படுக்கை, வெயில் காலம், நெடுஞ்சாலை. சாவு அதிகம் நடந்தது அரிசோனா, டெக்சஸ், ஃப்ளோரிடா மாதிரி வெயில் ஊர்கள்ல. அதுக்கு அப்புறம் வந்த சட்டத்தாலதான் இன்னிக்கு புதுக் கார்ல டயர் காத்து குறைஞ்சா லைட் எரியுது.

அந்தச் சம்பவத்துல யாரும் தப்பான சைஸ் டயர் மாட்டல. சரியான சைஸ்லயே அப்படின்னா, எடையைக் குத்துமதிப்பா விடறதுக்கு எனக்குத் தைரியம் வரல.

அதனால ஒரு வேலை செஞ்சோம். ஆறு பேரையும் பாத்திரத்தையும் ஏத்திக்கிட்டு, பழைய டயர்லயே மெதுவா உருட்டிக்கிட்டு, தெரு முனையில இருக்கற லாரி எடை மேடைக்குப் போனோம். எடை மேடைக்காரர் பின்னாடி எட்டிப் பாத்துட்டு “தேங்கா மூட்டை எங்கீங்க?”ன்னு கேட்டார். நாங்கதாங்க மூட்டைன்னேன். முதல்ல மொத்த வண்டி: 1,610 கிலோ. அப்புறம் பின் சக்கரம் மட்டும் மேடை மேல: 880. ஒரு பின் டயருக்கு 440. இதை எழுதி வாங்கிட்டு வந்து சுவத்துல ஒட்டினேன். அம்மிச்சி மட்டும் வீட்டுக்கு வர்ற வரைக்கும், “கோயிலுக்குப் போற வண்டிய எடை போட்டுட்டீங்களேடி”ன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க.

இப்ப ரிம்முக்கு வருவோம். பழைய டயரைக் கழட்டி ரிம்மோட உள் அகலத்தை அளந்தேன். ஓரத்துக்கு ஓரம் சரியா 4 இன்ச். ஒடுங்கின ரிம். ஒவ்வொரு டயர் அளவுக்கும் இத்தனை அகல ரிம்ல இருந்து இத்தனை அகல ரிம் வரைதான் மாட்டலாம்னு கம்பெனி அட்டவணை இருக்கு. 215/75 ஆர் 15-க்குக் குறைஞ்சது அஞ்சரை இன்ச் வேணும். அதை 4 இன்ச்ல மாட்டினா சட்டைக் கழுத்தை இறுக்கின மாதிரி நடுப்பகுதி உப்பும், வளைவுல டயர் ரிம் மேலயே ஆடும்.

உயரக் கணக்குல எனக்கு ரொம்பப் பிடிச்சது 175/80 ஆர் 15. முழு உயரம் 661. ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்ல. சந்தோஷத்துல மாமாவுக்குப் போன் போட்டேன். அப்புறம் அட்டவணையைப் பாத்தா, குறைஞ்சது நாலரை இன்ச் ரிம். போச்சு.

165/80 ஆர் 15-க்கு 4 இன்ச்ல இருந்து அனுமதி உண்டு. முழு உயரம் 645. வித்தியாசம் 3.3 சதவீதம், குட்டைப் பக்கம். மெக்கானிக்குகள் பொதுவா சொல்ற கணக்கு மேலயும் கீழயும் 3 சதவீதம். அதைக் கொஞ்சம் தாண்டுது. ஆனா தாண்டறது குட்டைப் பக்கம்: 80 காட்டினா 77. எடை எண் 87, அதாவது 545 கிலோ, எங்க தேவை 440. கணக்குல ஒரு பக்கம் கொஞ்சம் இடிச்சாலும் மத்த எல்லாம் சரியா வந்தது. இதே அளவுதான் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கும். அதுவும் 5.60-15ங்கற பழைய டயர்ல இருந்து ரேடியலுக்கு வந்த வண்டி. அதனால உலகத்துல எங்கயாவது இதைச் செஞ்சுக்கிட்டே இருக்காங்க.

ரிம் மாத்தினா இந்தப் பிரச்சினையே இல்லையேன்னு கேப்பீங்க. கேட்டேன். போல்ட் எத்தனை, எவ்வளவு தள்ளி, நடு ஓட்டை எவ்வளவு, இதெல்லாம் பொருந்தினாலும், ரிம்மோட முகம் எவ்வளவு வெளிய வருதுங்கறது ஒண்ணு இருக்கு. ஒரு இன்ச் வெளிய வந்தா எடை விழற இடம் மாறும், சக்கர பேரிங்கும் கிங் பின்னும் அந்தச் சுமையைத் தாங்கணும். 40 வருஷப் பழைய கிங் பின் அது. சட்டமும் உண்டு. பதிவுச் சான்றிதழ்ல இருக்கற கம்பெனி அமைப்பை அடிப்படையிலயே மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. ஒரிஜினல் ரிம்மே போதும்னு விட்டுட்டேன். அழகா இருந்திருக்கும், அதுல சந்தேகமே இல்ல.

மாமா இன்னொரு யோசனை சொன்னார். “அம்மணி, காசு எதுக்கு வீணா? முன்னாடி ரெண்டு மட்டும் புதுசு போடு, ஸ்டீயரிங் அங்கதானே இருக்குது.” கேக்கறதுக்கு நியாயமா தோணும். ஆனா ரேடியலும் பழைய குறுக்கு நூல் டயரும் வளைவுல ஒரே மாதிரி நடந்துக்காது. ரேடியல் ரோட்டை உறுதியாப் பிடிக்கும். முன்னாடி ரேடியல், பின்னாடி பழசுன்னா, முன்பக்கம் சொன்ன பேச்சு கேக்கும், பின்பக்கம் வழுக்கிக்கிட்டு வெளிய போகும், மழையில வண்டி அப்படியே திரும்பி நின்னுடும். பிரிட்டன்ல அப்படி மாட்டினா சட்டப்படி குற்றம். அதனால மாமாகிட்ட, “பின்னாடி ரெண்டு மட்டும் போட்டாகூட சம்மதிப்பேன், முன்னாடி மட்டும் மாட்டேன்”ன்னேன். அவருக்குப் புரியல, ஆனா அஞ்சுக்கும் பணம் கொடுத்தார்.

கடைசியா டியூப். புது டயர் டியூப்லெஸ். பழைய ரிம்முக்கு டியூப்லெஸ்ஸ பத்தி எதுவும் தெரியாது. இப்போ வர்ற ரிம்ல டயரோட ஓரம் உள்பக்கம் நழுவாம இருக்க ஒரு சின்ன மேடு இருக்கும். எங்க ரிம்ல விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன், வழுவழுன்னு இருந்தது, மேடு இல்ல. அந்த ரிம்ல டியூப் இல்லாம மாட்டினா, வளைவுல ஓரம் நழுவி ஒரே நொடியில காத்து பூரா போயிடலாம். அதனால துருவைத் தேச்சு பெயிண்ட் அடிச்சு, ரேடியலுக்குன்னே வர்ற டியூப் போட்டு மாட்டினோம். காத்து எவ்வளவுங்கறதை டயர் கம்பெனி அட்டவணையில 440 கிலோவுக்கு நேரா பாத்து, அதுக்கு மேல கொஞ்சம் இருப்பு வச்சு அடிச்சோம். பழைய டயருக்கு அப்புச்சி டைரியில எழுதி வச்சிருந்த அளவு இதுக்கு ஆகாது, அது வேற டயர்.

பங்குனியில ஒரு திங்கக்கிழமை, காலையில அஞ்சரை மணி. எல்லாரும் ரெடி. அம்மிச்சி பட்டுச் சேலையில வந்து கார் பக்கத்துல நின்னு டயரையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. கதவைத் திறந்து பிடிச்சா ஏற மாட்டேங்கறாங்க.

“என்ன அம்மிச்சி?”

“காத்து கம்மியா இருக்குதே. அடியில பாரு, தொப்பை போட்டிருக்குது.”

ரேடியல் டயர் அப்படித்தான். பக்கவாட்டுல நூல் நேரா போறதால சரியான காத்து இருந்தாலும் அடியில லேசாப் பிதுங்கி நிக்கும். பழைய டயர் பாத்துப் பழகினவங்களுக்கு அது பஞ்சர் மாதிரி தெரியும். நான் மிஷ்லின், மின்யோல், ஈக்கூண்டுன்னு ஆரம்பிச்சேன். அம்மிச்சி கையைக் காட்டி நிறுத்தினாங்க. “உங்க அப்புச்சி ஒரு ஊசி வச்சிருப்பாரு, டேஷ்போர்டுக்குள்ள.”

இருந்தது. பித்தளைப் பிரஷர் கேஜ், பேனா மாதிரி. புதுசு ஒண்ணு என்கிட்டயும் இருந்தது. ரெண்டையும் வச்சு அஞ்சு டயரையும் அளந்து காட்டினேன், ஸ்டெப்னி உட்பட. ரெண்டுக்கும் ஒரு பவுண்டு வித்தியாசம். பழசு சொல்றதைத்தான் நம்புவேன்னு சொல்லிட்டு அம்மிச்சி முன் சீட்ல ஏறி உக்காந்தாங்க.

உடுமலைப்பேட்டை தாண்டற வரைக்கும் மாமா 60-ஐத் தாண்டல. அதாவது நிஜத்துல 58.